சூரியக் காற்று ஏன் ஆறவில்லை?

2024 டிசம்பர் 24 அன்று பார்க்கர் விண்கலம் சூரியனிலிருந்து சுமார் 61 லட்சம் கிலோமீட்டர் தூரத்துக்குப் போய் வந்தது. சூரியனைத் தொட்டுவிட்டோம் என்று எல்லோரும் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அது எதைத் தேடி அங்கே போனது, சூரியக் காற்று ஏன் ஆறாமல் சூடாகவே வருகிறது என்ற கேள்விக்கும் விடை தேடித்தான் என்பதைச் சொன்னவர்கள் குறைவு. எனக்கு அதில்தான் வருத்தம்.

சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அதைச் சுற்றியுள்ள வெளி வளிமண்டலமான கரோனாவோ பத்து லட்சம் டிகிரிக்கு மேல். அங்கிருந்துதான் புரோட்டான், எலக்ட்ரான், ஹீலியம் அயனி எல்லாம் சூரியக் காற்றாகக் கிளம்புகின்றன. 1958-ல், கலத்துக்குப் பெயர் தந்த இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் இதைக் கணித்துக் கட்டுரை அனுப்பியபோது மதிப்பீட்டாளர்கள் இருவரும் வேண்டாம் என்றார்கள். இதழின் ஆசிரியராக இருந்த நம் வானியற்பியலாளர் சந்திரசேகர்தான் அதைத் துணிந்து வெளியிட்டார்.

சைக்கிள் டியூப் வால்வை அழுத்தினால் வரும் காற்று ஜில்லென்று இருக்கும். விரிகிற வாயு குளிரும். சூரியக் காற்றும் விரிந்துகொண்டேதான் போகிறது. வழியில் சூடு ஏதும் சேராவிட்டால், தூரம் இரண்டு மடங்காகும்போது வெப்பநிலை 40 சதவீதத்துக்கு இறங்கிவிட வேண்டும். 1970-களில் ஜெர்மனியும் அமெரிக்காவும் சேர்ந்து அனுப்பிய ஹீலியோஸ் கலங்கள் அளந்து பார்த்தன. வேகமான காற்றில் புரோட்டான்கள் அந்த அளவுக்கு ஆறவே இல்லை. பூமி வரை வந்த பிறகும் லட்சம் டிகிரிக்கு மேல் இருக்கின்றன. அப்படியானால் வழிநெடுக எதுவோ அவற்றைச் சூடாக்கிக்கொண்டே வருகிறது.

இன்னொன்று. பூமிக்கருகே இந்தக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்து, பத்து துகள்கள்தான். அவை மோதிக்கொள்வதே அபூர்வம். மோதினால்தானே சூடு பகிரப்படும்? அதனால் ஒரே காற்றில் ஆளுக்கொரு வெப்பநிலை. வேகமான காற்றில் ஹீலியம் அயனிகள் புரோட்டான்களைவிட நாலு மடங்கு, சில நேரம் அதற்கும் மேல் சூடாக இருக்கும். கரோனாவில் ஆக்சிஜன் அயனிகள் பத்து கோடி டிகிரியைத் தாண்டுவதை 1990-களில் சூரியனை ஆராய்ந்த சோஹோ கலம் கண்டது. காந்தப்புலத்துக்குக் குறுக்கே ஒரு வெப்பநிலை, அதன் திசையில் வேறொன்று. இத்தனையையும் மறைத்து ‘சூரியக் காற்றின் வெப்பநிலை இவ்வளவு’ என்று ஒரே எண்ணை எழுதிவிட்டுப் போவது சரியில்லை. துப்பே அந்த வித்தியாசங்களில்தான் இருக்கிறது. கனமான அயனி கூடுதலாகச் சூடாகிறது, அதுவும் குறுக்குவாட்டில் என்றால், காந்த அலைகளும் கொந்தளிப்பும் அதற்கு ஆற்றல் ஊட்டுகின்றன என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.

பார்க்கர் கலம் இதை அளக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். வெப்பக் கவசத்தின் நிழலில் ஒளியாமல் நேரே சூரியனைப் பார்த்தபடி ஒரு சின்னக் கிண்ணம். அதன் வலை டங்ஸ்டன், கம்பிகள் நையோபியம். வலையில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி, எந்த வேகத்தில் எவ்வளவு துகள்கள் வருகின்றன என்று பார்க்கும். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வந்தால் குளிர்ந்த காற்று; வேகங்கள் அகலமாகப் பரவிக் கிடந்தால் சூடான காற்று.

2022 பிப்ரவரியில் நல்ல வாய்ப்பு ஒன்று அமைந்தது. பார்க்கரைக் கடந்துபோன அதே காற்றோட்டம் இரண்டு நாள் கழித்து, சூரியனிலிருந்து இன்னும் தள்ளியிருந்த ஐரோப்பாவின் சோலார் ஆர்பிட்டர் கலத்தையும் கடந்தது. இடையில், காந்தப்புலக் கோடுகளின் வழியே ஓடும் ஆல்ஃவென் அலைகள் இழந்த ஆற்றல், காற்று பெற்ற சூட்டுக்கும் வேகத்துக்கும் போதுமானதாக இருந்தது. 2024-ல் வந்த முடிவு இது. ஆனால் அலையின் ஆற்றல் துகளுக்குள் எப்படி இறங்குகிறது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

நம் ஆதித்யா-எல்1 கலத்தில் அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம் (பிஆர்எல்) செய்த ஆஸ்பெக்ஸ் கருவி புரோட்டான்களையும் ஹீலியம் அயனிகளையும் பிரித்தே அளக்கிறது. தரவுகளை இஸ்ரோ பொதுவில் வைத்திருக்கிறது. ஏவிய அன்று நேரலை போட்டவர்கள் இந்தத் தரவைப் பற்றியும் ஒரு நிகழ்ச்சி செய்யட்டும். எம்.எஸ்சி. இயற்பியல் மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் தலைப்பு தேடும் பேராசிரியர்களே, ஹீலியத்துக்கும் புரோட்டானுக்கும் உள்ள வெப்பநிலை விகிதம் காற்றின் வேகத்தோடு எப்படி மாறுகிறது என்று வரையச் சொல்லுங்கள்.