அந்த ஊசிக்குப் பின்னால் ஒரு மூட்டுவாத டாக்டர் இருக்கிறார்

‘முடக்குவாதத்துக்கான, டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் ஊசி முழுக்க மருந்து கம்பெனி கண்டுபிடித்தது, டாக்டர்கள் சீட்டு எழுதியதோடு சரி’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் உண்மை. டி.என்.எஃப் என்பது உடலில் அழற்சியை, அதாவது வீக்கத்தையும் வலியையும், தூண்டும் ஒரு பொருள். அதைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தைத் தயாரித்தது சென்டோகார் கம்பெனிதான். ஆனால் அதை இந்த மூட்டு நோய்க்குக் கொடுக்கலாம் என்று காட்டியவர்கள் லண்டன் கென்னடி ஆய்வு நிலையத்தின் ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும். மைனி லூதியானாவில் பிறந்தவர், மூட்டுவாத மருத்துவப் பேராசிரியர், நோயாளிகளைப் பார்த்துவந்தவர்.

நோயாளிகளின் மூட்டுச் சவ்வை எடுத்து, அதன் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்கள். அங்கே டி.என்.எஃப் ஒன்றை மட்டும் தடுத்தபோது, அழற்சியைத் தூண்டும் இன்னொரு பொருளான இன்டர்லூக்கின்-1 உற்பத்தியும் இறங்கியது. இது 1989-இல் வெளிவந்தது. அந்தத் துணிச்சலில்தான் 1992-இல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் 20 பேருக்கு மருந்து ஏற்றினார்கள். வீக்கமும் வலியும் சட்டென்று குறைந்தன, சில மாதங்களில் திரும்பியும் வந்தன. அதனால் முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தையும் சேர்த்துச் சோதித்தார்கள், பலன் நீடித்தது. 2003-இல் இருவருக்கும் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கிடைத்தது.

அப்புறம் ஒன்று: ‘ஊசி போட்டால் மாத்திரை எதற்கு’ என்றும் ஒரு கேள்வி வந்திருக்கிறது. தயவுசெய்து மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.