வரைந்தவர் பெயர் இல்லாத புத்தகங்கள்

போன வாரம் மூன்று நாள் விடாத மழை. பரண்மேல் இருக்கும் காமிக்ஸ் பெட்டிகளில் ஈரம் ஏறிவிடுமோ என்று பயந்து ஐந்தையும் கீழே இறக்கினேன். துடைத்து, வேப்பிலை மாற்றி, திரும்ப அடுக்கி வைப்பதுதான் திட்டம். முதல் பெட்டியைத் திறந்ததுமே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டேன். அப்படிப் படித்தவற்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. எட்டு வயதிலிருந்து இந்தப் புத்தகங்களோடு இருக்கிறேன். மாயாவி எப்போது மறைவார், ஸ்பைடரின் ஆட்கள் யார் யார், டெக்ஸ் வில்லரின் மகன் பெயர் என்ன, எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இவர்களையெல்லாம் வரைந்தது யார் என்று கேட்டிருந்தால் ரொம்ப வருடம் எனக்குப் பதில் தெரியாது. என் பழைய பிரதிகளில் அந்தப் பெயர்கள் இல்லை. அதற்காக இவற்றைத் தமிழில் போட்ட சிவகாசிப் பதிப்பாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். மாயாவியும் ஸ்பைடரும் முதலில் வெளிவந்த பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைகளே ஓவியர் பெயர் போடும் வழக்கம் இல்லாதவை. வாரா வாரம் பக்கங்களை வரைந்து கொடுத்துவிட்டு அந்த மனிதர்கள் பெயரில்லாமலே போனார்கள். அதனால் இந்த முறை கதையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, வரைந்த கையைப் பார்த்துப் படித்தேன்.

முதலில் கையில் வந்தது இரும்புக்கை மாயாவி. 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இவரை வைத்துத்தான். லூயிஸ் கிராண்டெல் என்ற ஆய்வுக்கூட உதவியாளர் விபத்தில் வலது கையை இழக்கிறார். அந்த இடத்தில் இரும்புக் கை. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், அந்தக் கை மட்டும் தெரியும். இங்கிலாந்தில் 1962-ல் வேலியண்ட் என்ற பத்திரிகையில் தொடங்கிய கதை. வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ.

கதையாக இப்போது படித்தால் சில இடங்களில் ஓட்டம் தட்டுகிறது. வில்லன்கள் எல்லோரும் ஒரே மாதிரி உலகத்தை ஆளக் கிளம்புகிறார்கள். ஆனால் பிளாஸ்கோவின் பக்கங்களை நின்று பாருங்கள். தெரியாத ஒரு மனிதனை ஒரு ஓவியர் எப்படி வரைவது? அவர் கண்டுபிடித்த வழி நிழல். அறையில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் நிச்சயம் பண்ணிவிடுகிறார். பாதி முகம் கறுப்பு, பாதி முகம் வெள்ளை. அந்த இருட்டுக்குள் ஒரு இரும்புக் கை மட்டும், விரல் மடக்கிய விதத்திலேயே அது கோபமாக இருக்கிறதா, களைத்திருக்கிறதா என்று தெரிகிறது. ஆளே இல்லாத கட்டத்தில் வெறும் கையை நடிக்க வைத்திருக்கிறார். சின்ன வயதில் அந்தக் கட்டங்களைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். இப்போது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சாணித்தாள் பிரதியில் மெல்லிய கோடுகள் எல்லாம் மை கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. வெள்ளைத்தாள் மறுபதிப்பில் அதே கட்டத்தைப் பார்த்தால் கையின் ஒவ்வொரு மூட்டுக்கும் தனித்தனியாக வெளிச்சம் விழுகிறது. பழைய தாளின் வாசனையை நானும் விரும்புகிறவன்தான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் மறுபதிப்புக்குத்தான் என் ஓட்டு.

(மாயாவி என்றதும் ராணி காமிக்ஸ் வாசகர்களுக்கு முகமூடி போட்ட வேறொருவர் ஞாபகம் வந்திருக்கும். அவர் லீ ஃபாக் 1936-ல் உருவாக்கிய ஃபேண்டம். எங்கள் தெருவில் இந்த இரண்டு மாயாவிகளுக்காகச் சட்டை கிழியும் அளவுக்குச் சண்டை நடந்திருக்கிறது. நான் இரும்புக்கை கட்சி.)

அடுத்தது ஸ்பைடர். 1984-ல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழ் மாடஸ்டி என்ற சாகசப் பெண்ணுடையது, 'கத்தி முனையில் மாடஸ்டி'. ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் லயன் என்றால் ஸ்பைடர்தான். தமிழில் அவர் முதலில் வந்த 'எத்தனுக்கு எத்தன்' என்னிடம் முனை மடங்கி, அட்டையில் செல்லோ டேப்போடு இருக்கிறது. குற்ற உலகத்துக்கே சக்கரவர்த்தி ஆகவேண்டும் என்று கிளம்பும் ஒருவன் கதாநாயகன். இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்கிறான், பூட்டுத் திறப்பதில் கெட்டிக்காரர் ஒருவர், விஞ்ஞானி ஒருவர். பிறகுதான் ஆள் மனம் மாறி நல்லவர் பக்கம் வருகிறான். பின்னாளைய கதைகளை எழுதியது யார் தெரியுமா? சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். இது தெரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

வரைந்தவர் ரெஜ் பன். பிளாஸ்கோ நிழலைப் பரப்புகிறவர் என்றால் இவர் கோடுகளை நெய்கிறவர். ஸ்பைடரின் கூரான காது, நெற்றியில் இறங்கும் முடி, எலும்பு துருத்திய கன்னம், எல்லாமே குறுக்கும் நெடுக்குமான நுண்கோடுகள். மனசாட்சியோடு சொல்கிறேன், இந்தக் கதைகளை இன்றைக்கு எட்டு வயதுக் குழந்தையிடம் கொடுத்தால் பாதியில் வைத்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். வாரா வாரம் ஒரு திடுக்கிடலில் முடித்தாக வேண்டும் என்று எழுதியது. மொத்தமாகப் படிக்கும்போது நாலு பக்கத்துக்கு ஒருமுறை குலுக்கிப்போடுகிறது. படங்களுக்காகவே வைத்திருக்கிறேன், வைத்திருப்பேன்.

சட்டித்தலையன் ஆர்ச்சி என்ற ரோபோவின் கதையை இந்த முறையும் படித்து முடிக்க முடியவில்லை. அந்தப் பெயரைத் தமிழில் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. கதை அவ்வளவுதான்.

பெயர் என்றதும் சொல்ல வேண்டும். இந்தக் கதைகள் நமக்குள் இறங்கியதற்குப் பாதிக் காரணம் இந்தத் தமிழ்தான். கௌபாய் கதை நாயகன் டெக்ஸ் வில்லருக்கு நவஜோ பழங்குடிகள் வைத்த பெயரை 'இரவுக் கழுகார்' என்று எழுதினார்களே, அந்த 'ஆர்' விகுதியில் எவ்வளவு மரியாதை! அவருடைய கூட்டாளி கிட் கார்சன் 'வெள்ளிமுடியார்' ஆனார். இத்தாலியில் பிறந்த மனிதர்கள் நம் ஊர்ப் பெரியவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

டெக்ஸ் 1948-ல் ஜியான் லூயிஜி பொனெல்லி எழுத, கலெப்பினி வரைய, இத்தாலியில் தொடங்கியது. அப்போது அவர்கள் பெரிதாக நம்பியிருந்தது வேறொரு தொடரைத்தான். பகலில் அதை வரைந்துவிட்டு, மிச்ச நேரத்தில், ராத்திரியில் கலெப்பினி டெக்ஸை வரைந்திருக்கிறார். நம்பிய தொடர் போய்விட்டது. ராத்திரியில் வரைந்தது இன்றைக்கும் மாதா மாதம் வருகிறது. 400-வது இதழ் வரை அட்டைப்படம் கலெப்பினியுடையது. 1994-ல் காலமானார்.

தமிழில் முதல் டெக்ஸ் 'தலைவாங்கிக் குரங்கு'. அதற்கு ஏகப்பட்ட ரசிகர்கள் உண்டு, எனக்கும் அது பிடிக்கும். ஆனால் என் அலமாரியில் முதலிடம் 'கார்சனின் கடந்த காலம்' என்ற புத்தகத்துக்குத்தான். மவுரோ பொசெல்லி எழுதி, கார்லோ மார்செல்லோ வரைந்தது. டெக்ஸ் கதைகளில் பொதுவாக என்ன நடக்கும்? அநியாயம் நடக்கும், டெக்ஸ் வருவார், உதைப்பார், சுடுவார், கார்சன் பொரித்த உருளைக்கிழங்கும் இறைச்சியும் கேட்பார். நூறு கதை படித்தால் எண்பது இப்படித்தான் இருக்கும், அதில் தப்பும் இல்லை. இந்தக் கதையில் மட்டும் கார்சன் சிரிக்க வைக்க வரவில்லை. இளமையில் மொன்டானாவில் விட்டுவந்த ஒரு கணக்கு, ஒரு பெண், ஒரு நண்பன், தங்களை 'அப்பாவிகள்' என்று சொல்லிக்கொள்ளும் ஒரு கொள்ளைக் கூட்டம். வயசான மனிதன் தன் பழைய ஊருக்குத் திரும்பிப்போகிறான், அவ்வளவுதான் கதை. மார்செல்லோ ரொம்ப வருடம் பிரான்சில் வேலை பார்த்தவர். இந்தப் புத்தகத்தில் இளம் கார்சனையும் கிழ கார்சனையும் மாறி மாறி வரைகிறார். தாடியும் மீசையும் நரைத்தாலும் கண் அதே கண். முதல்முறை படித்தபோது எனக்கு வயது இருபதுகளில், டெக்ஸ் எப்போது வருவார் என்று பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனேன். இந்த முறை கார்சன் தனியாக உட்கார்ந்திருக்கும் கட்டங்களில் நின்று நின்று படித்தேன். என் அப்பா ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை தான் பிறந்த ஊருக்குப் போய்விட்டு வந்து இரண்டு நாள் பேசாமல் இருந்தார். அது ஞாபகம் வந்தது.

இதன் கறுப்பு வெள்ளைப் பிரதியும் இருக்கிறது, வண்ண மறுபதிப்பும் இருக்கிறது. இங்கே என் ஓட்டு மாறுகிறது. டெக்ஸ் கறுப்பு வெள்ளைக்கென்றே வரையப்பட்டது. வண்ணம் போட்டதும் அந்த நிழல்களுக்கு வேலை இல்லாமல் போகிறது. படிக்க அழகாக இருக்கிறது, ஆனால் கனம் குறைந்துவிட்டது.

வண்ணமே உயிராக இருக்கும் புத்தகம் என்றால் 'தங்கக் கல்லறை'. கேப்டன் டைகர் கதை, பிரான்சில் அவர் பெயர் புளூபெர்ரி. எழுதியவர் ஷார்லியே, வரைந்தவர் ஜான் ஜிரோ. மோபியஸ் என்ற பெயரில் வேறொரு உலகத்தையே வரைந்தவரும் இதே ஜிரோதான். அரிசோனா பாலைவனத்தில் தொலைந்துபோன தங்கச் சுரங்கம், பேராசை பிடித்த ஒரு பிரஷ்யாக்காரன், தங்கத் தோட்டாக்களால் சுடும் ஒரு ஆவி. இதை நான் முதலில் படித்தது கறுப்பு வெள்ளையில். அப்போதே கதை பிடித்திருந்தது. வண்ணத்தில் பார்த்த பிறகுதான் அந்தப் பாலைவனத்தின் வெயில் மேலே பட்டது. ஒரு பக்கம் முழுக்கப் பாறை, அதற்குள் எறும்பு மாதிரி குதிரைகள். உதடு வெடித்த முகங்கள், மூன்று நாள் தாடி, சட்டையில் உப்புப் பூத்த வியர்வை. கதாநாயகனை இவ்வளவு அழுக்காக வரைய ஒரு தைரியம் வேண்டும். படித்து முடித்ததும் எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். என்னிடம் இருப்பதிலேயே எதைக் கடைசி வரை வைத்துக்கொள்வாய் என்று கேட்டால் இதைத்தான் எடுப்பேன்.

'இரத்தப் படலம்' பற்றி எழுதாவிட்டால் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். கடற்கரையில் ஒதுங்கும் ஒரு மனிதன், தலையில் குண்டுக் காயம், ஞாபகம் போய்விட்டது, கழுத்தெலும்பின் மேல் XIII என்று பச்சை குத்தியிருக்கிறது. ஒரு வயதான தம்பதி அவனைக் காப்பாற்றுகிறார்கள். இந்தத் தொடக்கத்தை மிஞ்ச ஆள் கிடையாது. வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்தது, 1984-ல் தொடங்கியது. 2010-ல் 18 பாகங்களையும் ஒரே குண்டுப் புத்தகமாகத் தமிழில் கொண்டுவந்தார்கள். மடியில் வைத்துப் படித்தால் கால் மரத்துப்போகும். முதல் ஐந்து பாகங்கள் அற்புதம், ஒரு வார்த்தை கூட எடுக்க முடியாது. அதற்குப் பிறகு அந்த மனிதனுக்கு ஒரு பெயர் கிடைக்கும், அது பொய் என்றாகும், இன்னொரு பெயர் கிடைக்கும். நடுப் பாகங்களில் நான் இரண்டு முறை வழிதவறினேன். வான்ஸின் படங்கள் மட்டும் கடைசிவரை தளரவில்லை. 18-வது பாகத்தை மட்டும் நம்ம ஜிரோ வரைந்தார். அந்தக் குண்டுப் புத்தகத்தில் அந்த இடத்துக்கு வந்ததும் கோடு மாறுவது கண்ணுக்கு அப்படியே தெரியும். டைகரை வரைந்த கை என்று தெரியாமலே நான் அன்றைக்கு அந்தப் பக்கங்களில் நின்றிருக்கிறேன். 2018-ல் இந்தத் தொடர் தமிழில் வண்ணத் தொகுப்பாக வந்தது. வான்ஸ் இறந்ததும் அதே வருடம்தான்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்பு ஒருவரிடம் ஒரு பழைய மாயாவி பிரதி கேட்டேன். அவர் சொன்ன விலைக்கு ஒரு சைக்கிள் வாங்கலாம். சரி, அது அவர் பொருள். ஆனால் திறந்து ஒரு பக்கம் பார்க்கலாமா என்றதற்கு, கவரைப் பிரித்தால் மதிப்புக் குறையும் என்றார். பிளாஸ்கோ வரைந்த பக்கங்கள் அதற்குள் மூச்சுவிடாமல் கிடந்தன. வாங்காமல் வந்துவிட்டேன். என் புத்தகங்கள் எதற்கும் நான் பிளாஸ்டிக் உறை போட்டதில்லை. கேட்டவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன், சில திரும்பி வரவே இல்லை. அதுவும் வலிக்கும்தான். ஆனாலும் யாரோ படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் தங்கை மகள் வந்தாள். மூன்றாம் வகுப்பு. தரையெல்லாம் புத்தகம் கிடந்ததைப் பார்த்து நேராக லக்கி லூக் என்ற சிரிப்புக் கௌபாய் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். அதில் வரும் கொள்ளைக்காரர்களான டால்டன் சகோதரர்கள் நாலு பேரும் படிக்கட்டு மாதிரி உயர வரிசையில் நிற்பதைப் பார்த்தே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். லக்கி வாயில் ஏன் புல் வைத்திருக்கிறார் என்று கேட்டாள். முன்பு சிகரெட் இருந்தது, 1983-ல் வரைந்தவரே அதை எடுத்துவிட்டுப் புல்லை வைத்தார் என்றேன். அப்புறம் ஒரு கட்டத்தில் விரலை வைத்து, "மாமா, பின்னாடி நிக்கிறவங்க எல்லாரும் ஏன் மொத்தமா நீலமா இருக்காங்க?" என்றாள். நாற்பது வருடத்தில் நான் யாரிடமும் கேட்காத கேள்வி அது. கூட்டத்துக்கு மொத்தமாக ஒரே வண்ணம் அடித்தால் நம் கண் நேராக லக்கியிடம் போகும், வரைந்தவரின் யுக்தி அது என்று சொன்னேன்.

"யாரு வரைஞ்சது?"

மோரிஸ் என்று ஒருத்தர், பெல்ஜியத்துக்காரர், 1946-லிருந்து ஐம்பது வருடத்துக்கு மேல் இதை வரைந்தார் என்றேன். நான் அதற்குள் பிளாஸ்கோ, ரெஜ் பன், மார்செல்லோ, ஜிரோ என்று ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பென்சிலை என் கையிலிருந்து வாங்கி, லக்கி லூக்கின் உள்ளட்டையில் அவளே எழுதினாள். 'மோரிஸ்' என்பதில் 'றி' போட்டுவிட்டாள். அழித்து எழுதட்டுமா என்று கேட்டாள். அப்படியே இருக்கட்டும் என்றேன்.