பாட்டு சட்டத்தில் ஏறுமுன்

எங்கள் வன்னியின் அருவிவெட்டுப் பாட்டு, அதாவது நெல் அறுக்கும்போது பாடுகிற பாட்டு, ஒன்றை இலங்கை வடமாகாணத்தின் பாடலாக அறிவிக்க வேண்டும் என்று தம்பிமார் சிலர் ஆசையாகச் சொல்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தின் பாடல் ‘ஹோம் ஆன் த ரேஞ்ச்’. 1870களில் அங்கே குடியேறிய பிரூஸ்டர் ஹிக்லி என்ற டாக்குத்தர் எழுதின கவிதை அது. மாடு மேய்ப்பவர்கள் அதைப் பாடிப் பாடி ஊரூராகக் கொண்டுபோனார்கள். போன வழியில் எழுதினவர் பெயர் விடுபட்டுப் போனது, புதுச் சொற்கள் சேர்ந்தன. பாட்டுக்கு இன்று பெயராக நிற்கும் தொடர்கூட ஹிக்லி எழுதினது இல்லை, பாடினவர்கள் சேர்த்தது. நாட்டுப் பாடல்களைச் சேகரித்த ஜோன் லோமாக்ஸ் அதை 1910இல் தன் தொகுப்பில் அச்சிட்டார். டெக்சாஸில் மதுக்கடை வைத்திருந்த ஒரு கறுப்பின மனிதர் பாடித்தான் அவருக்கு அது கிடைத்தது. 1934இல் அரிசோனாத் தம்பதி ஒன்று பாட்டுத் தங்களுடையது என்று ஐந்து லட்சம் டொலர் கேட்டு வழக்குப் போட்டது. அந்த வழக்குக்காக ஒரு சட்டத்தரணி அலைந்து விசாரித்தபோதுதான் ஹிக்லியின் பெயர் திரும்ப வெளியே வந்தது. 1947இல் கன்சாஸ் அதைத் தன் பாடலாகச் சட்டமாக்கியது.

டாக்குத்தருக்குப் பெயர், மாநிலத்துக்குப் பெருமை. பாடிக் கொடுத்தவர் பெரும்பாலான கட்டுரைகளில் வெறும் ‘மதுக்கடைக்காரர்’தான். எனக்கு ஆறாதது இதுதான்.

எங்கள் வயல்களிலும் அதுதான் நடக்கும். காலபோக நெல் வெட்டில் வரிசை பிடித்து நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பிடிப்பார்கள். வயற்காரர் பெயர் பாட்டுக்குள் வரும், கஞ்சி பிந்தினால் அதுவும் வரும். வெயில் சாயச் சாய நடை கூடும், உப்பட்டி, அதுதான் அரிந்து போடுகிற நெற்கற்றை, விழுகிற வேகமும் கூடும். நெடுங்கேணியில் ஒரு மாதிரி, முத்தையன்கட்டில் இன்னொரு மாதிரி. சட்டம் எழுதுகிறவருக்கு இதில் ஒன்றுதான் தேவை. மற்றதெல்லாம் ‘பிழையான பாடம்’ ஆகிவிடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அசையாமல் நின்று அந்த ஒன்றைப் பாடுவார்கள்.

அரசு தருகிற இடம் நிலையானதும் இல்லை. தேசிய கீதத்தைத் தமிழில் 2016 சுதந்திர தின விழாவில் பாடினார்கள். 2020 விழாவில் பாடவில்லை. ஆட்சி மாறினது, அவ்வளவுதான்.

வெட்டு மெசின் வந்தபிறகு வயலில் பாட்டுக்கு வேலை இல்லை. 2009 இடப்பெயர்வில் கொப்பிகளும் கசற்றுகளும் போய்விட்டன. மிஞ்சியிருப்பது வயதானவர்களின் ஞாபகம் மட்டும்தான். அறிவிப்புக்காக மனு எழுதுகிற தம்பிமார் அந்த நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போக வேண்டும். ஒரே பாட்டை நாலு பேர் நாலு விதமாகப் பாடினால் நாலையும் பதியுங்கள், திருத்த வேண்டாம். பாட்டுத் தொடங்குமுன் அந்த ஆச்சியை, அப்புவைத் தன் பெயரையும் ஊரையும் யாரிடம் பழகினது என்பதையும் சொல்ல வையுங்கள். மாகாணசபைக்கு அதற்குப் பிறகு போகலாம், நானும் வருகிறேன்.