விண்டோஸை விடும் முன் மென்பொருளை மாற்றுங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து, ஓவியம், வடிவமைப்பு, வீடியோ தொகுப்பு என்று கணினியை நம்பிப் பிழைக்கும் நண்பர்கள் பலரும், லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்துக்கு மாறினால் தொழில் நடக்குமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நடக்கும். ஆனால் இயங்குதளத்தில் முதலில் கைவைக்காதீர்கள்.

ஓவியம் வரையும் கிரிட்டா, படம் திருத்தும் கிம்ப், கோட்டு வடிவங்கள் அமைக்கும் இங்க்ஸ்கேப், முப்பரிமாண உருவங்களுக்கான பிளெண்டர், வீடியோ தொகுக்கும் கேடென்லைவ் ஆகிய ஐந்தும் லினக்ஸில் மட்டுமல்ல, விண்டோஸிலும் ஓடுபவை. இப்போதுள்ள கணினியிலேயே அவற்றை நிறுவி, கை பழகும்வரை பொறுத்து, ஒரு வேலையையாவது தொடக்கம் முதல் ஒப்படைப்பு வரை அவற்றிலேயே முடித்துவிட்டால், பிறகு லினக்ஸுக்குப் போவது பெரிய காரியமே இல்லை. நான் மென்பொருள், இயங்குதளம் இரண்டையும் ஒரே இரவில் மாற்றினேன். மறுநாள் கொடுக்க வேண்டிய சுவரொட்டியின் பிஎஸ்டி கோப்பை, அதாவது ஃபோட்டோஷாப் கோப்பை, திறந்தபோது, எழுத்து லேயர்கள் எல்லாம் திருத்த முடியாத வெறும் படமாக வந்து நின்றன. எழுத்துகளுக்குப் போட்டிருந்த நிழலையும் காணவில்லை. தலைப்பில் ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்துவதற்காகத் தலைப்பு முழுவதையும் விடிய விடிய மறுபடி அமைத்தேன்.

கை பழகிவிட்டால் கிடைக்கும் சுகமே வேறு. கிரிட்டாவில் வலது பொத்தானை அழுத்தினால், தூரிகைகளும் நிறச் சக்கரமும் பேனா முனையைச் சுற்றி வட்டமாக விரிகின்றன. ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு பேனாவை இழுத்தால் தூரிகையின் அளவு மாறுகிறது. திரையின் ஓரத்துக்குக் கண்ணை ஓட்டாமலேயே ஒரு முகத்தை வரைந்து முடிக்கலாம். அச்சு வேலையில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். கிம்ப் படத்தைத் திரைக்கான ஆர்ஜிபி வண்ணத்தில்தான் திருத்துகிறது. கிரிட்டாவிலோ நேரடியாக அச்சு மைக்கான சிஎம்ஒய்கே வண்ணத்திலேயே வரையலாம். பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் இருக்கிறது.

இந்த மாற்றத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், பணத்தைவிட நம் கோப்புகள்தாம். சந்தா கட்டிப் பயன்படுத்தும் மென்பொருளில், சந்தா நின்ற அன்று, பத்தாண்டு உழைப்பைத் திறக்கும் சாவியும் கையைவிட்டுப் போய்விடுகிறது. ஆனால் படத்தை எழுத்து வரிகளாகவே சேமிக்கும் எஸ்விஜி கோப்பு ஒன்றை இங்க்ஸ்கேப்பில் வரைந்து, ஒருமுறை சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து பாருங்கள். நான் வரைந்த தாமரையின் ஒவ்வோர் இதழும் அதில் ஒரு வரியாக இருந்தது. நிறக் குறியீட்டை அங்கேயே மாற்றிச் சேமித்தேன், இதழ் நிறம் மாறியது. வரைந்த மென்பொருள் இல்லாமலேயே வரைபடம் என் கைக்கு எட்டியது.

பிளெண்டரின் கதையும் இதைத்தான் காட்டுகிறது. அதை உருவாக்கிய நிறுவனம் 2002-இல் மூடப்பட்டபோது, அதன் மூல நிரலை மீட்க ஏழே வாரங்களில் 1,00,000 யூரோ திரண்டது. அதே ஆண்டு அக்டோபரில் அது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளாயிற்று. அந்தப் பணம் சேராமல் போயிருந்தால், அதில் வேலை செய்திருந்த கலைஞர்களின் கோப்புகள் திறக்க ஆளில்லாமல் கிடந்திருக்கும்.

வாடிக்கையாளர் பிஎஸ்டி-தான் வேண்டும் என்று நின்றால், விண்டோஸை வேறொரு டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள், நானும் வைத்திருக்கிறேன். மற்றவர்கள், லினக்ஸை நிறுவுவதற்கு முன் யூஎஸ்பி டிரைவிலிருந்து அதை ஓட்டி, பேனாவால் வரையும் டேப்லெட்டை இணைத்து, பேனாவை மெல்ல வைத்துப் போகப்போக அழுத்தம் கூட்டி ஒரு கோடு இழுங்கள். கோடு மெலிதாகத் தொடங்கித் தடிப்பாக முடிந்தால், அந்தக் கணினியில் தாராளமாக நிறுவலாம்.