டேங்க்கைத் தூக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கிறதா? மருந்து கலக்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அந்த வெள்ளைக் கூட்டத்துக்குள் மற்றதையெல்லாம் விடப் பெரிதாக, உடம்பு முழுக்க நீளநீளமாய் மெழுகு இழை தொங்க, ஒன்று மட்டும் விறுவிறுவென்று ஊர்ந்துகொண்டிருக்கலாம். "யப்பா, எவ்வளவு பெரிய மாவுப்பூச்சி!" என்று பெரும்பாலானவர்கள் முதலில் நசுக்குவது அதைத்தான். அது மாவுப்பூச்சியே இல்லை. மாவுப்பூச்சியைத் தின்று வளரும் ஒரு பொறிவண்டின் புழு. கிரிப்டோலேமஸ் என்று பெயர். சொந்த நாடு ஆஸ்திரேலியா. காபிச் செடியின் செதில் பூச்சியை ஒழிக்க 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

சாதாரணப் பொறிவண்டுக்கும் இதே கதிதான். சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளியோடு உட்கார்ந்திருந்தால் போட்டோ எடுக்கிறோம். அதன் புழு கறுப்பாக, சொரசொரப்பாக, ஆறு கால்களோடு, செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தேடி அலையும்போது "ஏதோ புழு" என்று மருந்து அடிக்கிறோம். வண்டைவிடப் பசியோடு தின்பது பல நேரம் அந்தப் புழுதான்.

எனக்கு இதில் தீராத ஆதங்கம் ஒன்று உண்டு. பூச்சிமருந்துக்காகப் பேச ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறது. சுவர் விளம்பரம் இருக்கிறது, கடையில் காலண்டர் தொங்குகிறது. இலையை எடுத்துக்கொண்டு போனால் போதும், டேங்க்குக்கு இத்தனை மில்லி என்று உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மாவுப்பூச்சிக்குள் முட்டை வைத்து அதை அழிக்கிற குட்டிக் குளவிக்காகப் பேச யாரும் இல்லை. ஒருமுறை விட்டால் தானே பெருகிப் பக்கத்துக் காட்டுக்கும் பறந்து போகிற ஒன்றை, மறுபடி மறுபடி விற்று யார் லாபம் பார்க்க முடியும்? அதனால்தான் தமிழ்நாட்டு விவசாயத்தின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாமலே போய்விட்டது.

2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி. பேருக்குத்தான் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கு, கொய்யா, செம்பருத்தி, பார்த்தீனியம் என்று எதையும் விடவில்லை. பப்பாளிக் காய்கள் மாவில் புரட்டி எடுத்ததுபோல் தொங்கின. பட்டுப்புழு வளர்த்தவர்கள் இலை இல்லாமல் தவித்தார்கள், மல்பெரியையே பிடுங்கி எறிந்தவர்களும் உண்டு. கடையில் இருந்த எல்லா மருந்தையும் அடித்துப் பார்த்தார்கள். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து உள்ளே இறங்கவில்லை. முட்டைகளோ பஞ்சுப் பை மாதிரி ஒன்றுக்குள் பத்திரமாக இருந்தன. ஆனால் வெளியே திரிந்த பொறிவண்டும் குளவியும் சிலந்தியும் ஒரே அடியில் செத்தன.

அந்தப் பூச்சி நம் ஊருக்கு வந்துவிட்டது, அதன் எதிரி வரவில்லை. விஷயம் அவ்வளவுதான். பெங்களூரில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் 2010-ல், அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. இங்கே உள்ள மற்ற உயிர்களுக்குக் கெடுதல் இல்லை என்று சோதித்த பிறகே வெளியில் விட்டார்கள். அதில் அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவிதான் களத்தில் ஜெயித்தது. நீளம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது, மனிதரைக் கொட்டவும் கொட்டாது. முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் இந்தக் குளவியைப் பெருக்கி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மாவட்டம் மாவட்டமாகக் கொடுத்தது. தாய்க்குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். புழு உள்ளேயிருந்தே அதைத் தின்று தீர்க்கும். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது.

அதே பாடம் 2020-ல் திரும்பவும் வந்தது. குச்சிக்கிழங்குக்கென்றே உள்ள இன்னொரு மாவுப்பூச்சி முதலில் கேரளத்தில் திருச்சூரிலும், பிறகு சேலம், நாமக்கல் பக்கமும் தெரிந்தது. நுனி இலைகளெல்லாம் சுருண்டு கொத்தாகிவிடும், தண்டு கோணும், கணுக்களின் இடைவெளி குறுகிவிடும். எழுபதுகளில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, கிழங்கையே சோறாகத் தின்னும் கோடிக்கணக்கான மக்களைப் பட்டினியின் விளிம்புக்குத் தள்ளியது இதே பூச்சிதான். தென் அமெரிக்க நாடான பராகுவேயில் கிடைத்த அனகைரஸ் லோபெசி என்ற குளவியை ஆப்பிரிக்காவில் பரப்பி அதை அடக்கினார்கள். அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து அந்தக் குளவி இந்தியாவுக்கு வந்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வெளியிடப்பட்டது. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளை நம்பிக் கிழங்கு போடுகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும்.

குளவி விட்ட காட்டில் மறுவாரமே மருந்து அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நெல்லில் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி பெருகுவதும் பாதி இப்படித்தான். அதன் முட்டையைத் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும், தூருக்குள் ஓடி வேட்டையாடும் சிலந்தியையும் நாமே ஆரம்பத்தில் கொன்றுவிடுகிறோம். இதைப் புரிந்துகொண்ட இந்தோனேசிய அரசு 1986-ல் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை போட்டது.

மாடித்தோட்டக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிலருக்குக் கோபம் வரலாம், பரவாயில்லை. "நான் ரசாயனம் அடிப்பதில்லை, இயற்கைக் கரைசல்தான்" என்று வாரம் தவறாமல் புகையிலைக் கரைசலும் சோப்புத் தண்ணீரும் அடிப்பதும் தப்புதான். புகையிலையில் இருக்கும் நிகோடின் விஷம். அது நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று பார்ப்பதில்லை. முதலில் எறும்பைக் கவனியுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு காவல் காக்கிறது, குளவியை நெருங்கவிடாமல் துரத்துகிறது. எறும்பு ஏறும் வழியை அடைத்தாலே குளவிக்குப் பாதை திறந்துவிடும். ரொம்ப முற்றிய கிளையை வெட்டி எடுங்கள், மீதியைத் தண்ணீரைப் பீய்ச்சி அலசுங்கள்.

எல்லாப் பூச்சிக்கும் குளவி வந்து நிற்கும் என்று நான் சொல்லவில்லை. பயிர் கண்ணெதிரே போகும்போது மருந்து அடிக்கும் விவசாயியைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வராது, கடன் அவர் தலையில்தான் இருக்கிறது. என் கோபம் ஏற்பாட்டின் மேல். கரும்புக்கு, பூச்சியின் முட்டையை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் ஒட்டிய காகித அட்டையைச் சர்க்கரை ஆலைகள் கொடுக்கின்றன, ஏனென்றால் கரும்பு அவர்களுக்கு வேண்டும். தென்னைக் கருந்தலைப் புழுவுக்கு வேளாண்மைத் துறை ஒட்டுண்ணி வளர்த்துக் கொடுத்திருக்கிறது. காய்கறிக்கும் கிழங்குக்கும் பருத்திக்கும் அதே போல ஒன்றியத்துக்கு ஒரு குளவி வளர்ப்புக் கூடம் ஏன் இருக்கக் கூடாது? மருந்து வாங்கப் பக்கத்திலேயே கடை இருக்கிறது. குளவி வாங்க எத்தனை பேருந்து மாற வேண்டியிருக்கிறது!

அதுவரை நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. வரப்பில் நாலு தட்டைப்பயறு போடுங்கள். அதில் வரும் அசுவினியைப் பார்த்துப் பதறாதீர்கள், பொறிவண்டு அங்கேதான் குடியேறும். மாவுப்பூச்சி பிடித்த இலையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பஞ்சுக்கு நடுவே பழுப்பாக, உப்பி, அசையாமல், செத்த மாவுப்பூச்சிகளின் கூடுகள் சில தெரிகிறதா? சிலவற்றில் ஊசி குத்தியது போல் வட்டமாக ஓட்டை இருக்கிறதா? அப்படியானால் குளவி உங்கள் காட்டுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. ஓட்டை விழாத கூடுகள் உள்ள இலைகளைக் கொளுத்தாமல் பறித்து, மாவுப்பூச்சி அதிகமாக உள்ள செடியில் செருகி வையுங்கள். அதற்குள் இருக்கும் குளவிகள் இனிமேல்தான் வெளியே வரப்போகின்றன.