போட்டோ எடுக்கலியா மக்ளே?

போன சனிக்கிழமை நானும் எங்கள் வின்சென்ட் தே பவுல் சபைச் செயலாளர் அண்ணனும் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்த ஒரு பாட்டி வீட்டுக்குப் போனோம். ஏழைகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் கத்தோலிக்க அமைப்பு எங்கள் சபை. நாகர்கோவில் பக்கம்தான். தாத்தா பக்கவாதம் வந்து மூன்று வருஷமாகக் கட்டிலில் இருக்கிறார். நாங்கள் வருவது தெரிந்து பாட்டி தலை வாரி, நல்ல சேலை கட்டி, வாசலிலேயே நின்றிருந்தார்.

கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். தாத்தாவின் கால் நகம் நீண்டு வளைந்து சதையில் குத்திக்கொண்டிருந்தது. பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது, வெட்டப் பயம். அண்ணன் வெந்நீர் கேட்டு வாங்கி, காலை ஊற வைத்து, ஒவ்வொரு நகமாக வெட்டினார். முக்கால் மணி நேரம் ஆனது. தாத்தாவுக்குப் பேச்சு வராது, அண்ணனின் தலையில் கையை வைத்தபடியே இருந்தார்.

கிளம்பும்போது பாட்டி கேட்டார்: "போட்டோ எடுக்கலியா மக்ளே?"

கிறிஸ்துமஸுக்கு அரிசிப் பை கொடுக்க வந்தவர்கள் எடுத்தார்களாம். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஈரச் சேலையோடு அந்தப் படத்தில் நின்றது அவருக்கு இத்தனை மாதமாக மனசில் கிடந்திருக்கிறது. அதனால்தான் இன்றைக்கு நல்ல சேலை. அரிசி கொண்டுபோன அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். படத்தில் பையின் ஒரு ஓரத்தைப் பிடித்திருக்கும் கை என்னுடையது.

அன்றிலிருந்து மத்தேயு 25ஆம் அதிகாரம்தான் மனசில் ஓடுகிறது. பசியாய் இருந்தேன், உணவு கொடுத்தீர்கள் என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதே இடத்தில் ஆண்டவர், "சிறையில் இருந்தேன், என்னைத் தேடி வந்தீர்கள்" என்றும் சொல்கிறார். சிறையில் இருப்பவரை நம்மால் வெளியே கொண்டுவர முடியாது. போய்ப் பார்க்கத்தான் முடியும். அந்தப் போவதையே அவர் உணவுக்கும் உடைக்கும் சமமாக வைக்கிறார். நாம் கொடுப்பதைப் பிடித்துக்கொண்டு, தேடிப் போவதை விட்டுவிட்டோம்.

எங்கள் சபை தொடங்கியதே அப்படித்தான். 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவருக்கு வயது 20. உங்கள் திருச்சபை இன்றைக்கு ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று மற்ற மாணவர்கள் கேட்டார்கள். அவர் பதில் கட்டுரை எழுதவில்லை, நண்பர்கள் சிலரோடு ஏழைகளின் வீடுகளுக்குப் போனார். எப்படிப் போவது, எப்படி உட்கார்ந்து பேசுவது என்று சொல்லிக்கொடுத்தவர் அந்தப் பகுதியில் சேவை செய்த ரோசலி ரெந்து (Rosalie Rendu) என்ற கன்னியர். ஓசானாம் பிறகு பேராசிரியராகி, கல்யாணம் செய்து, ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனாகி, 40 வயதில் இறந்தார். 1997இல் இரண்டாம் யோவான் பவுல் அவரைப் பாரிஸிலேயே அருளாளராக (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) அறிவித்தார். சபைக் கூட்டத்தில் இன்றும் ஒரு துணிப்பை கை மாறி வரும். கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். யார் எவ்வளவு போட்டார், யார் போடவில்லை என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அந்தப் பை மேல் தனி மரியாதை உண்டு.

நம் கோட்டாறு பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் தேவசகாயமும் பொதுநிலையினர்தான், அதாவது குருவோ துறவியோ இல்லை. கல்யாணம் ஆனவர், அரசு வேலையில் இருந்தவர். சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகியதும் அவர் பட்ட பாடுகளுக்கு ஒரு காரணம். 2022இல் புனிதர் பட்டம் கிடைத்தபோது ஊரெல்லாம் கட்அவுட் வைத்தோம். சந்தோஷம்தான். ஆனால் அன்பியக் கூட்டத்தை (பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கும் கூட்டம்) யார் வீட்டில் வைப்பது, யார் வீட்டில் காபி குடிப்பது என்று இன்றும் யோசிக்கிறவர்கள் நம்மிடையே உண்டு.

படம் போட்டால் நாலு பேருக்கு உதவத் தோன்றும் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அரிசி வாங்கினார் என்பதற்காக ஒருவருடைய வறுமையை ஊருக்குக் காட்டும் உரிமை நமக்கு வந்துவிடாது. கணக்கு வேண்டுமென்றால் நோட்டில் எழுதி வைக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படுத்த படுக்கையான மாமியாரை, மாமனாரைப் பார்த்துக்கொள்வதால் ஞாயிறு பூசைக்கு வர முடியாத பெண்கள் எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர். அது பாவமோ என்று குறுகிப் போகிறார்கள். அக்கா, அது பாவமே இல்லை. ஜெபத்தை விட்டு எழுந்து நோயாளியிடம் போகிற கன்னியர்களிடம், கடவுளுக்காகக் கடவுளை விட்டுப் போகிறீர்கள் என்றுதான், எங்கள் சபை யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் புனிதர் வின்சென்ட் தே பவுல் சொன்னார். உங்களைத் தேடி நாங்கள் வந்து, ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களைப் பூசைக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

சரி, பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். படம் எடுத்தோம். நாங்கள் யாரும் அதில் இல்லை. தாத்தாவுக்குச் சட்டை மாற்றி, தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தோம். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். அந்தப் படம் இங்கே வராது. பிரிண்ட் போட்டுச் சட்டம் அடிக்கக் கொடுத்திருக்கிறேன், இந்தச் சனிக்கிழமை கொண்டுபோக வேண்டும்.