ஏஜென்சி செய்தி ஓசியில வர்றதில்லங்க

நேத்துல இருந்து டைம்லைன் பூரா ஒருத்தர் போட்ட வீடியோதான். யாருன்னு சொல்லத் தேவையில்ல, பாத்திருப்பீங்க. செய்திய சேகரிச்சு பேப்பர், டிவிக்கு விக்கிற ஒரு ஏஜென்சியோட கிளிப்ப அப்படியே எடுத்துப் போட்டாரு, அவங்க லைசென்ஸ் காசு கேட்டு மெயில் போட்டாங்க, உடனே "செய்தி மக்கள் சொத்து, விக்க நீ யாரு"ன்னு ஒரே ஒப்பாரி. சரிண்ணே, மக்கள் சொத்துதான். உங்க வீடியோவுக்கு நடுவுல ஓடுன விளம்பரம் யார் சொத்து?

யாரோ ஒருத்தர் காசு கட்டுறதாலதான் செய்தி நமக்குச் சும்மா வருது. இது புதுசும் இல்ல. பின்னாடி ராய்ட்டர்ஸ் ஏஜென்சிய ஆரம்பிச்ச ராய்ட்டர், 1850-ல ஜெர்மனியோட ஆஹனுக்கும் பெல்ஜியத்தோட பிரஸ்ஸல்ஸுக்கும் நடுவுல தந்திக் கம்பி இல்லாத தூரத்துக்குப் புறா விட்டாரே, அது கால்ல கட்டி அனுப்புனது என்ன, புரட்சிக் கட்டுரையா? ஷேர் விலைங்க! வியாபாரிதான் வாங்குனான். இன்னிக்கும் அதே கதைதான். 2018-ல ராய்ட்டர்ஸோட தாய்க் கம்பெனி தாம்சன் ராய்ட்டர்ஸ், டிரேடர்களுக்கு சந்தை விவரம் விக்கிற தன்னோட டேட்டா பிசினஸ்ல 55 சதவீதத்த பிளாக்ஸ்டோன்கிற முதலீட்டுக் கம்பெனிக்கு வித்தப்போ, அந்த டேட்டா பிசினஸ் ராய்ட்டர்ஸ் செய்திக்கு வருஷம் குறைஞ்சது 32.5 கோடி டாலர் கட்டணும்னு 30 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டாங்க. டிரேடர் ஸ்கிரீனுக்குக் கட்டுற காசுலதான் போர்முனையில கேமரா நிக்குது. பிடிக்குதோ இல்லியோ, கணக்கு அதுதான்.

"நடந்த விஷயத்துக்கு ஏதுய்யா ஓனர்"னு ஒரு தம்பி கேட்டாரு. விஷயத்துக்கு ஓனர் கிடையாதுதான். ஆனா ஏபி (அசோசியேட்டட் பிரஸ்)ங்கிற அமெரிக்க ஏஜென்சி அனுப்புன செய்திய ஐஎன்எஸ்ங்கிற போட்டி ஏஜென்சி சுட்டு வித்தப்போ, அதோட சூடு ஆறுறதுக்குள்ள நீ எடுத்து விக்கக்கூடாதுன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1918-லயே சொல்லிருச்சு. அது போட்டி ஏஜென்சிக்குத்தான் பொருந்தும்னு வக்கீல் நண்பர்கள் வருவீங்க, வாங்க, எனக்கு அந்த சண்டையில இண்ட்ரஸ்ட் இல்ல.

எனக்கு வலிச்சது அந்த வீடியோக்காரர் ஏஜென்சி ஆளுங்களப் பத்திச் சொன்ன இன்னொண்ணு. "ஏசி ரூம்ல உக்காந்து காப்பி பேஸ்ட் பண்றவனுக."

நான் ஏஜென்சியோட செய்தி டெஸ்க்ல நைட் ஷிஃப்ட் பாத்தவன். ஒரு விபத்து ராத்திரி, எங்க ஸ்ட்ரிங்கர், அதாவது சம்பளமில்லாம செய்திக்கு இவ்வளவுன்னு வாங்குற நிருபர், மார்ச்சுவரி வாசல்ல நின்னுட்டு இருந்தாரு. டிவில ஆளாளுக்கு ஒரு சாவு எண்ணிக்கை ஓடுது, டெஸ்க்ல இருந்து போன் மேல போன், ஏன்யா லேட்டுன்னு கத்தல். டியூட்டி டாக்டர் வாயால சொல்லாம நம்பர் தர மாட்டேன்னு மனுஷன் அசையவே இல்ல. கடைசியா அவர் தந்த நம்பர்தான் சரி, டிவிக்காரங்கதான் சத்தமில்லாம குறைச்சுக்கிட்டாங்க. காலைல எல்லா பேப்பர்லயும் அவர் தந்த நம்பர், மேல ஏஜென்சி பேரு மட்டும். அவர் பேரு எங்கயும் இல்ல. இதுக்குப் பேருதான் காப்பி பேஸ்ட் போல.

அடுத்து என்ன கேப்பீங்கன்னும் தெரியும். "பணக்காரனுக்கு முதல்ல விக்கிறாங்களே?" ஆமா, விக்கிறாங்க. மிச்சிகன் பல்கலைக்கழகத்தோட நுகர்வோர் சர்வேய தாம்சன் ராய்ட்டர்ஸ் காசு குடுத்து வாங்கி, சந்தாதாரருக்கு ஊருக்குச் சொல்றதுக்கு 5 நிமிஷம் முன்னாடி, அதுலயும் கூடுதலா கட்டுன கம்ப்யூட்டர் டிரேடர்களுக்கு இன்னொரு 2 செகண்ட் முன்னாடி குடுத்துச்சு. 2013-ல நியூயார்க் அட்டர்னி ஜெனரல் தலையிட்டப்புறம்தான் அந்த 2 செகண்ட் நின்னுச்சு. இதுக்கு என்கிட்ட நியாயம் ஒண்ணும் இல்ல, அசிங்கம்தான். ஆனா அதே 2013-ல ஏபியோட ட்விட்டர் கணக்க ஹேக் பண்ணி வெள்ளை மாளிகையில குண்டுவெடிப்புன்னு ஒரு வரி போட்டதுக்கே அமெரிக்க ஷேர் குறியீடு டவ் ஜோன்ஸ் கொஞ்ச நிமிஷத்துல 140 புள்ளிக்கு மேல விழுந்து எந்திரிச்சுது. அந்தப் பேருக்கு அவ்வளவு நம்பிக்கை! அந்த நம்பிக்கைய சம்பாதிச்சுக் குடுத்தது யாரு? மார்ச்சுவரி வாசல்ல நின்ன ஆளுதானே?

2 செகண்டுக்கு விலை போடத் தெரிஞ்ச தொழில்ல அந்த ஆளுக்கு ஒரு செய்திக்கு இவ்வளவுன்னு சில்லறைதான். இத யாராவது வீடியோவா போடுங்களேன், முதல் ஷேர் என்னோடது. போட மாட்டீங்க, வியூஸ் வராது.

அந்த ராத்திரி செய்திக்கான பேமென்ட்டே அவருக்கு மாசக்கணக்கா இழுத்தடிச்சுதான் வந்துச்சு. அதுலயும் போன் செலவ கழிச்சுட்டாங்க.